சேமிக்காத ஒன்பது வருஷம்

ஊத்தாங்கரடு பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு பார்த்துவந்த குணவதி, ஆவணி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு, எதிரே நின்றிருந்த மனிதரிடம் "குழந்தை பேரு என்னங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள், தன் கம்ப்யூட்டரோடு சேர்ந்து அப்படியே ஹேங் ஆகிப்போனாள். வலது கை மவுஸின் மேல் இருந்தது. இடது கை காதோரம் விழுந்த முடியை ஒதுக்கப் போய்ப் பாதி வழியில் நின்றிருந்தது. திரையில் சின்ன நீல வளையம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதே வளையம், அதே வேகத்தில், அவளுடைய இரண்டு கண்மணிகளுக்குள்ளும் சுற்றிக்கொண்டிருந்தது.

வந்த மனிதர் குழந்தையின் பேரைச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து உரக்கச் சொன்னார். அப்புறம் ஒரு தாளில் எழுதி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். எதுவும் நடக்காததால் பக்கத்து மேஜையைப் பார்த்து, "மேடம் ஸ்லோவா இருக்காங்களா, இல்ல சர்வரே இல்லீங்களா?" என்று கேட்டார்.

அலுவலக உதவியாளர் ஆரோக்கியசாமி எழுந்து வந்து திரையைப் பார்த்தார், குணவதியைப் பார்த்தார், பச்சையப்பனுக்குப் போன் போட்டார்.

"பச்சை, பிறப்பு இறப்பு சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சுப்பா."

"மவுஸ் நகருதாண்ணா?"

"மவுஸும் நகரல, மேடமும் நகரல. நீ நேர்ல வந்துடு."

பச்சையப்பனுக்கு இருபத்தெட்டு வயது. செங்கல் சூளைக் குடும்பத்தில் காலேஜ் முடித்த முதல் ஆள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஓர் அறை பிடித்து, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கால்நடை மருத்துவமனை என்று ஊத்தாங்கரட்டிலிருந்த எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அவன்தான் வைத்தியம் பார்த்தான். பூட்டிய கதவை நாலு படி இறங்கியபின் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற சுபாவம் அவனுக்கு. ஆனாலும் ஒரு விஷயத்தில் மட்டும் அவன் சலித்துப்போயிருந்தான். திரையில் ஏதாவது ஒரு பெட்டி எழுந்து நின்று இங்கிலீஷில் எதையாவது கேட்டால், கேட்கப்பட்டவர் பயந்துபோய் அவனுக்குப் போன் போடுவார். ஒரு நாளைக்கு இருபது போன். கடைசியில் ஒருநாள் எல்லா அலுவலகத்துக்கும் ஒரே பாடமாகச் சொல்லிவிட்டான்: "எந்தப் பெட்டி வந்தாலும் பயப்படாதீங்க. அது சும்மா வர்றது. மூலையில பெருக்கல் குறி இருக்கும், அமுக்கி மூடிடுங்க." அந்தப் பாடத்தை ஊர் எவ்வளவு நன்றாகப் படித்துக்கொண்டது என்றால், அதற்கப்புறம் ஊத்தாங்கரட்டில் எந்தப் பெட்டியும் இரண்டு நொடிக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை.

அன்றைக்கு அவன் ஓடி வந்து கீபோர்டை மாற்றிப் பார்த்தான், மவுஸை மாற்றிப் பார்த்தான், பிரிண்டர் வயரைப் பிடுங்கிப் பார்த்தான். இந்த வேலையை இப்போதே முடித்துவிடட்டுமா என்று திரை கேட்டபோது, அந்தப் பட்டன் குணவதியின் நெஞ்சுக்கு நேராக இருப்பதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டான். ஓசூரில் பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் கூட்டாளிக்குப் போன் செய்தான். கூட்டாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரீஸ்டார்ட் பண்ணுடா" என்றான். "பண்ண முடியாதுடா" என்றான் பச்சையப்பன். ஏன் முடியாது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா வந்து நாடி பிடித்துப் பார்த்தார். கால் மணிக்கு ஒருமுறை மூச்சு வந்தது. உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. "நல்லா இருக்காங்க. பசி இல்ல, வலி இல்ல. ஏதோ ஒண்ணு முடியட்டும்னு காத்துக்கிட்டிருக்காங்க. அது என்னன்னு என் படிப்புல இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊசிக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிப் போனார். செயல் அலுவலர் ஒருநாள் முழுக்க யோசித்து, வருகைப் பதிவேட்டில் குணவதியின் பேருக்கு நேரே "பணியில் உள்ளார்" என்று எழுதினார். அது பொய்யில்லை என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

மனிதர்கள் வரிசையில் நிற்பதை நிறுத்தவுமில்லை. பிறந்தவர்களும் இறந்தவர்களும் அவளுக்காகக் காத்திருக்க முடியாதல்லவா. வந்தவர்கள் முதலில் தயங்கினார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். குணவதியின் முன்னால் உட்கார்ந்து, எத்தனை மணிக்குப் பிறந்தது, எந்த ஆஸ்பத்திரி, போனவர் கடைசியாக என்ன கேட்டார், யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிவிட்டு, படிவத்தை அவள் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் முன்பெல்லாம் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை என்று சிலர் சொன்னார்கள். கூரை ஒழுகிய நாளில் ஆரோக்கியசாமி அவள் தலைக்கு மேல் குடை கட்டினார். குழந்தைக்குப் பேர் சொல்ல வந்த அந்த மனிதர் மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுவாளோ என்ற நம்பிக்கையில், ஒருமுறை பேரைச் சொல்லிவிட்டுப் போவார்.

அவளுடைய புருஷன் சிவக்கொழுந்து லேத் பட்டறையில் வேலை செய்தார். காலையில் வந்து அவள் முகத்தைத் துடைத்து, தலை வாரி, நெற்றிக்கு இட்டுவிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் மகள் மைவிழி வருவாள். மூன்றாம் வகுப்பு. புத்தகப் பையை இறக்கிவைத்து, மேஜைக்கடியில் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, முழங்காலில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். யாராவது "அம்மா எப்போ கண்ணு எந்திரிப்பாங்க?" என்று கேட்டால், "லோட் ஆகுது" என்பாள்.

பச்சையப்பனுக்குத் தெரிந்திருந்தது இதுதான். குணவதி எதையும் சேவ் செய்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று மாதத்துப் பிறப்புகளை ஒரு ஃபைலில் அடித்துச் சேவ் செய்து வைத்திருந்தாள். மறுநாள் திறந்தால் எழுத்து எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. பழைய தமிழ் ஃபான்ட் செய்கிற வழக்கமான வேலை. அப்போதிருந்த செயல் அலுவலர் மனு கொடுக்க வந்தவர்கள் நடுவே அவளை நிற்கவைத்து, "மூணு மாசத்துக் குழந்தைங்களை எங்கம்மா கொண்டுபோய்ப் போட்ட?" என்று கேட்டார். அன்றைக்கு அவள் புதிதாக ஒரு ஃபைல் திறந்து, வெறும் தலைப்பை மட்டும் அடித்து, கடைசி முறையாகச் சேவ் செய்தாள். அது ஒன்பது வருஷத்துக்கு முந்திய ஆனி மாதம். அதற்கப்புறம் அந்த ஃபைலை அவள் மூடவேயில்லை. அடிப்பாள், பிரிண்ட் எடுப்பாள், கனத்த அட்டை போட்ட பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போடுவாள், சாயங்காலம் திரையை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். அலுவலகத்துக்கு வருகிற மின்சாரம் குடிநீரேற்று நிலையத்துத் தனி லைனில் வந்தது. மாதாந்திர மின்தடைகூட அந்த லைனைத் தொடுவதில்லை. இடையில் அரை மணி, முக்கால் மணி போனாலும் யூபிஎஸ் தாங்கும். இப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

ஐந்து வருஷத்துக்கு முன் முதல்முறை வந்தபோதே பச்சையப்பன் அதைப் பார்த்துச் சேவ் செய்யச் சொன்னான். "தொடாதீங்க தம்பி. ஓடறது ஓடட்டும்" என்று சொல்லி டீ வரவழைத்தாள். அவளுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்திருந்தால் அரை மணி நேரத்து வேலை. அவனுக்கு அன்று வேறு இரண்டு இடத்துக்குப் போகவேண்டியிருந்தது. மனசு கேட்காமல், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் தானாகவே ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளும்படி அவளுக்குத் தெரியாமல் ஓர் ஏற்பாடு மட்டும் செய்துவிட்டு வந்தான்.

ஊருக்கு அவன் சொன்னதெல்லாம் "கரண்ட் போகக்கூடாது" என்பதுதான். போனால் அவள் எங்கே போவாள் என்று யாரும் கேட்கவில்லை. ஊரே சேர்ந்து கரண்டைக் காவல் காத்தது. வோல்டேஜ் இறங்குகிற நேரத்தில் மாவு மில்காரர் பெல்ட்டைக் கழற்றிப் போட்டார். கல்யாண மண்டபத்தில் சீரியல் பல்பு போடாமல் இரண்டு கல்யாணம் நடந்தது. மோட்டாரைப் பாதி நேரம் ஓட்டினால் போதும், குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தால் போதும் என்று பெண்களே போய் எழுதிக் கொடுத்தார்கள். "எம் மக பொறந்ததை எழுதினவ, எம் மாமியா போனதை எழுதினவ. நாலு குடம் கிணத்துல சேந்தினா கையா தேஞ்சிடும்?" என்றாள் ஒருத்தி. "உன் மாமியா போனதை எழுதினதுக்காகவே நீ பத்துக் குடம் சேந்துவ" என்றாள் இன்னொருத்தி.

மூன்றாவது வாரம் லைன்மேன் தர்மன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். குடிநீர் லைனின் டிரான்ஸ்ஃபார்மரில் எண்ணெய் ஒழுகுகிறது, வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இறக்கி வேறு ஏற்ற வேண்டும், முடிய ஐந்து மணியாகும், வெடித்துவிட்டால் முப்பது கிராமத்துக்கு மாதக்கணக்கில் தண்ணீர் இருக்காது என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அதில் எதையும் தள்ள முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மண்டபத்து ஜெனரேட்டரை ஒருமுறை இழுத்துவந்து போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கரண்ட் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணிலிருந்த வளையம் தாறுமாறாக ஆட, மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ஊரிலிருந்த லாரி பேட்டரிகளையெல்லாம் கழற்றி வந்து வரிசையாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தான் பச்சையப்பன். மூன்று மணி நேரம்தான் வந்தது.

அன்று சாயங்காலம் லேத் பட்டறைக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த மெஷின் நிற்கும்வரை காத்திருந்து, சிவக்கொழுந்திடம் சொன்னான்.

"தானா நின்னுச்சுன்னா என்ன ஆகும்னு தெரியாதுண்ணா. நாமளே நிறுத்தி நாமளே ஆரம்பிச்சா அக்கா எந்திரிப்பாங்க. ஆனா கடைசியா எங்க சேவ் பண்ணாங்களோ, அங்கருந்துதான் எந்திரிப்பாங்க."

"அது எப்போ?"

"ஒன்பது வருஷம் முன்னாடி. ஆனி மாசம்."

சிவக்கொழுந்து கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார். "பாப்பாவுக்கு எட்டு முடிஞ்சு ஒன்பது நடக்குது" என்றார்.

"தெரியும்ணா. ஒரு வழி இருக்கு. கம்ப்யூட்டர் தானா ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கும். அந்த ஏற்பாடு நான்தான் பண்ணேன். திரும்ப ஆன் ஆகறப்போ அது வேணுமா வேண்டாமான்னு கேக்கும். வேணும்னு சொன்னா, எல்லாம் அப்படியே வந்துடும்."

"கேக்கும்னு உறுதியா சொல்றியா?"

பச்சையப்பன் பொய் சொல்லத் தெரிந்தவனில்லை. "வெச்சது நான்தாண்ணா. ஆனா அது எடுத்துக்கிட்டே இருந்துச்சான்னு ஒருநாளும் திறந்து பாக்கல."

வியாழக்கிழமை எட்டு மணிக்குச் செய்துவிடுவது என்று பேச்சு. ஆனால் எட்டு மணிக்கு அலுவலகத்தில் நிற்க இடமில்லை. செயல் அலுவலர், ஏதாவது ஆனால் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று ஒரு தாளிலும், நல்லபடியாக முடிந்தால் தான்தான் கொடுத்ததாக இன்னொரு தாளிலும் எழுதி வைத்திருந்தார். பெண்கள் குணவதிக்கு மல்லிகை வைத்துவிட்டார்கள். சிவக்கொழுந்து மட்டும் சரி என்று சொல்லாமல், நாற்காலிக்குப் பின்னால் நின்று அவளுடைய பாதி வழியில் நின்ற இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எட்டே முக்காலுக்குத் தர்மன் வாசலுக்கு வந்தான்.

"பச்சை, கம்பத்துல ஆள் ஏறிட்டாங்க. எவ்வளவு நேரம்னு பிடிச்சு வெக்கறது?"

சிவக்கொழுந்து மகளைப் பார்த்தார். "பாப்பா, நீ வெளியில போய் நில்லும்மா."

"போக மாட்டேன்" என்றாள் மைவிழி. அம்மாவின் புடவைத் தலைப்பைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள்.

"சரி, செய்" என்றார் சிவக்கொழுந்து.

பச்சையப்பன் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஐந்து எண்ணினான். விசிறிச் சத்தம் நின்றது. குணவதியின் கண்ணிலிருந்த வளையம் நின்று மறைந்தது; கை மெல்ல இறங்கி மடியில் விழுந்தது; தலை தூங்குகிறவள் தலைபோல முன்னால் சாய்ந்தது. பத்து எண்ணி அவன் மறுபடி பட்டனைத் தொட்டான். கம்ப்யூட்டர் முனகியது, திரை வெளுத்தது, குணவதியின் விரல் ஒன்று அசைந்தது.

அப்போதுதான் அவை வந்தன. ஒன்பது வருஷமாக அணையாத கம்ப்யூட்டர் ஒன்பது வருஷமாகச் சொல்லக் காத்திருந்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டி பெட்டியாகத் திரையில் எழுப்பியது. தேதி தவறு என்றது ஒன்று, மூடினான். வைரஸ் காவல் காலாவதியானது என்றது ஒன்று, மூடினான். பிரிண்டரைக் காணவில்லை என்றது, மூடினான். புதுசு வந்திருக்கிறது போட்டுக்கொள்கிறாயா என்றது, மூடினான். "அஞ்சு நிமிஷம்தான்!" என்று வெளியே தர்மன் கத்தினான்.

"மாமா, இதுல என்னமோ கேக்குது" என்றாள் மைவிழி. அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அது சும்மா வரும் பாப்பா" என்றான் பச்சையப்பன்.

அவன் வாய் அதைச் சொல்லி முடிக்கும்போது அவன் விரல் மூடி முடித்திருந்தது. எந்தப் பெட்டிக்காக மூன்று வாரமாகக் காத்திருந்தானோ, எதற்காக ஒரு மனிதரிடம் நம்பிக்கை சொல்லி அழைத்து வந்தானோ, அந்தப் பெட்டி அது என்று, அது போன இடத்திலிருந்த வெறுமையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். யோசித்துப் பார்த்தால் அவசரமே இல்லை. கரண்ட் போயிருந்தாலும் யூபிஎஸ் இன்னும் நாற்பது நிமிஷம் தாங்கியிருக்கும். நாற்பது நிமிஷத்தில் ஒரு பெட்டியை நானூறு முறை படிக்கலாம்.

குணவதி நிமிர்ந்தாள். முன்நெற்றியிலிருந்த நரை போய் முடி கறுத்திருந்தது. எப்போதோ ஓய்வு பெற்றுப்போன அந்தப் பழைய செயல் அலுவலரின் பேரைச் சொல்லி அழைத்து, "சார், இனிமே தப்பு வராது சார்" என்றாள். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு புருஷனைத் தேடினாள். "என்னங்க, இவ்வளவு பேர் வந்திருக்காங்க? என்ன ஆச்சு? நீங்க ஏன் இப்படி இளைச்சிருக்கீங்க?" அப்புறம் தன் புடவைத் தலைப்பு எங்கோ இழுபடுவது தெரிந்து குனிந்து பார்த்து, சிரித்து, "யாரு பாப்பா நீ? யாரைத் தேடற?" என்று கேட்டாள்.

மைவிழி கையில் சுற்றியிருந்த தலைப்பை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டுக் கொடுத்தாள்.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. யார் யாருக்குக் கல்யாணமாயிற்று, யார் வீடு மாறினார்கள், எந்தக் கடை எங்கே போயிற்று என்று குணவதிக்கு முறைவைத்துச் சொன்னார்கள். மகள் விஷயத்தை மட்டும் எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சொன்னால் சிரித்து விடுகிறாள், வயிற்றைக் காட்டி ஒரு தழும்புகூட இல்லையே என்கிறாள். அறுத்துப் பிறந்த பிள்ளை மைவிழி. அந்தத் தழும்பும் நரையோடு போயிருந்தது. கடைசியில் அவளே அலுவலகத்துப் பதிவேட்டை எடுத்துவைத்து ஒன்பது வருஷத்தையும் பக்கம் பக்கமாகப் படித்தாள். எல்லாப் பக்கத்திலும் அவள் கையெழுத்து இருந்தது. தன் கையெழுத்தை நம்பாமலிருக்க அவளுக்கு வழியில்லை. இரண்டாம் நாள், பிறப்புப் பக்கத்தில், பெண் குழந்தை, பெயர் மைவிழி, தாய் பெயர் குணவதி என்று படித்தாள். மூன்றாம் நாள், இறப்புப் பக்கத்தில், தன் அம்மாவைப் படித்தாள்.

நாலு வருஷத்துக்கு முன் இறந்துபோன அந்த அம்மாளுக்கு ஊத்தாங்கரடு இரண்டாம் முறை துக்கம் கேட்க வந்தது. முதல்முறை வந்தவர்கள் அத்தனை பேரும், இடையில் தாங்களே இறந்துபோனவர்கள் தவிர, மாலையோடு வந்து குணவதியோடு உட்கார்ந்து அழுதார்கள். பழைய அழுகைதானே என்று யாரும் குறைத்து அழவில்லை. மைவிழி சமையலறை வாசலில் நின்று வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். வந்தவர்களில் தெரியாத சிலர் அவளை விருந்தாளி வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்கள்.

பச்சையப்பனின் மாடிக்கு வேறு விதமான கூட்டம் ஏறத் தொடங்கியது. குணவதியின் கறுத்த முடியைப் பார்த்தவர்கள் வந்தார்கள். கல்யாணத்துக்கு முந்திய வாரத்துக்குத் தன்னை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி ஒருத்தி வந்தாள். "என் பையன் வண்டி எடுத்துட்டுப் போன அன்னிக்குக் காலையில, ஒரு ஏழு மணிக்கு விட்டாப் போதும்ப்பா" என்று ஒரு அப்பா கேட்டார். அவன் எல்லோரிடமும் முடியாது என்றான். ஏன் என்று சொல்ல முடியவில்லை. காப்பி இல்லாமல் போயிருக்கும், கம்ப்யூட்டர் அப்படித்தான், நீ என்ன செய்வாய் என்று ஊரே அவனைத் தேற்றியது. சிவக்கொழுந்துகூடத் தேற்றினார். அந்தத் தேற்றல் ஒவ்வொன்றும் அவனுக்குள் போய்ச் செரிக்காமல் கிடந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவந்து கடைசி மூலைவரை தேடினான். எதுவும் இல்லை. பெட்டி மூடப்பட்ட கணத்திலேயே, சொன்ன சொல் தட்டாத கம்ப்யூட்டர், ஒன்பது வருஷத்தையும் சுத்தமாகத் துடைத்திருந்தது.

அவன் மூடியதை ஒருத்தி மட்டும் பார்த்திருந்தாள். தெருவில் எதிர்ப்பட்டால் அவள் பேச மாட்டாள், முறைக்கவும் மாட்டாள். புத்தகப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு கடந்து போவாள். அவள் யாரிடமாவது சொல்லிவிடுவாள் என்று முதல் மாதம் பயந்தான். யாரிடமும் சொல்லவில்லை என்று தெரிந்ததும், அதைவிட அதிகமாகப் பயந்தான்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் ஆரோக்கியசாமி போன் செய்தார். பிரிண்டர் தாளை இழுக்கவில்லையாம். போகாமலிருக்கக் காரணம் தேடித் தேடி, ஒன்றும் அகப்படாமல், சாயங்காலம் நாலரைக்குப் போனான். குணவதி தன் நாற்காலியில் இருந்தாள். சுவரோரத்தில் மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் மைவிழி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், யாரோ வீட்டுப் பிள்ளைக்கு வைப்பதுபோல, ஒரு தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்திருந்தது.

"வாங்க தம்பி. அஞ்சு வருஷமா நீங்கதான் வந்து பாப்பீங்கன்னு சொன்னாங்க. எனக்கு முகம் நினைவில்ல, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் குணவதி.

அவன் பையைக் கீழே வைத்தான். பிரிண்டரைத் தொடவில்லை.

"அக்கா, அந்தக் காப்பி இருந்துச்சு. கேட்டுச்சு. நான்தான் மூடிட்டேன்."

வெளியே ஆரோக்கியசாமி கொடிக்கம்பத்துக் கயிற்றை அவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"வேணும்னு மூடலக்கா. கை பழக்கம். எத்தனையோ பெட்டி வந்துச்சு, எல்லாத்தையும் மூடற மாதிரி அதையும் மூடிட்டேன். ரெண்டு மாசமா சொல்லணும் சொல்லணும்னு…"

"அதுல என்னதான் தம்பி எழுதியிருந்துச்சு?"

கோபமில்லை அந்தக் குரலில். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கும்போது கேட்பாளே, அப்படிக் கேட்டாள்.

"தெரியாதுக்கா" என்றான். "நான் படிக்கல."

பெஞ்சில் பென்சில் நின்றது. மைவிழி நோட்டிலிருந்து தலையை எடுக்காமல், பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற குரலில், அந்தப் பெட்டியிலிருந்த இங்கிலீஷை ஒரு சொல் விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, அவனுக்குப் புரியாமல் போய்விடுமோ என்பதுபோல, தமிழிலும் சொன்னாள்: "நீங்க சேவ் பண்ணாத வேலை கிடைச்சிருக்கு. வெச்சுக்கட்டுமா, அழிச்சிடட்டுமா? அப்படின்னு இருந்துச்சு. கீழ ரெண்டு பட்டன்."

குணவதி நாற்காலியோடு முழுசாகத் திரும்பினாள். இத்தனை நாளில் அவள் அந்தப் பிள்ளையை அப்படிப் பார்த்ததை யாரும் கண்டதில்லை.

"இவ்வளவு பெரிய பெரிய வார்த்தையெல்லாம் படிக்கிறியா நீ?" என்றாள். "யாரு சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

"நீங்கதான்" என்று சொல்லிவிட்டு மைவிழி வீட்டுப்பாடத்தை எழுதத் தொடங்கினாள்.